காயமும் ஈரமும்: ஐதரோஜெல் கற்றுத்தரும் பாடம்

முழங்காலில் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு புத்திமதியைக் கேட்டிருப்போம். "மூடிக் கட்டாதே, காற்றுப் படட்டும். காய்ந்து பொருக்குக் கட்டினால் தானே ஆறிவிடும்." உம்மம்மாமார் காலத்திலிருந்து வரும் இந்தப் புத்திமதியில் அக்கறை நிறைய உண்டு. 'காயம்', 'காய்தல்' என்ற இரு சொற்களும் உறவுக்காரச் சொற்கள் போலவே நம் காதில் விழுகின்றன. ஆயினும் கடந்த 60 ஆண்டு கால ஆராய்ச்சி சொல்வது வேறு. சுத்தமாக இருக்கும் காயம், அளவான ஈரத்தோடு இருந்தால்தான் விரைவாக ஆறுகிறது.

இந்த உண்மையிலிருந்து பிறந்த மருத்துவப் பொருட்களில் ஒன்றுதான் ஐதரோஜெல். உயர்தர உயிரியல், இரசாயனவியல் மாணவிகளுக்கு இது பாடத்தோடு தொடர்புடைய விடயம். பெற்றோருக்கோ, வீட்டில் ஒரு தீக்காயமோ சலரோகக் காற்புண்ணோ ஏற்படும் நாளில் உதவக்கூடிய அறிவு.

தோல் தன்னைத் தானே திருத்தும் முறை

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரை வரும். வெளியே மேற்றோல், அதன் கீழே உட்டோல், அதற்கும் கீழே கொழுப்புப் படை. உட்டோலுக்கு வலிமை தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம்.

தோல் வெட்டுப்பட்டதும் உடல் நான்கு கட்டங்களாக வேலை செய்கிறது. முதலில் குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றுகூட, பைபிரின் என்ற நார்வலை உருவாகி, குருதிப்பெருக்கு நிற்கிறது. இரண்டாவதாக, வெண்குழியங்கள் வந்து பற்றீரியாக்களையும் இறந்த கலங்களையும் அகற்றுகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குவது இக்கட்டத்தில்தான். மூன்றாவதாக, புதிய குருதி மயிர்க்குழாய்கள் முளைக்கின்றன. நாரரும்பர்க் கலங்கள் புதிய கொலாஜனைச் சுரக்கின்றன. மேற்றோல் கலங்கள் காயத்தின் விளிம்புகளிலிருந்தும் மயிர்ப் புடைப்புகளிலிருந்தும் நகர்ந்து வந்து மேற்பரப்பை மூடுகின்றன. நான்காவது கட்டத்தில் கொலாஜன் நார்கள் பல மாதங்களாகச் சீரமைக்கப்படுகின்றன. எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்பின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

இவற்றுள் நம் கவனத்துக்குரியது மூன்றாவது கட்டம். மேற்றோல் கலங்கள் பறந்து வருவதில்லை, ஊர்ந்து வருகின்றன. ஊர்வதற்கு அவற்றுக்கு ஈரமான தரை வேண்டும்.

பொருக்கு: உதவியா, தடையா?

1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பன்றியின் தோல் பல வகையில் மனிதத் தோலை ஒத்தது என்பதால் அதில் ஆழமற்ற சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காய விட்டார். சிலவற்றைப் பொலித்தீன் படலத்தால் மூடினார். மூடி வைத்த காயங்களில் மேற்றோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மூடிக்கொண்டது. அடுத்த ஆண்டே ஹின்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதரிடத்தும் இதே போன்ற முடிவைக் கண்டனர்.

காரணம் எளிது. காயம் காய்ந்தால் மேலே கடினமான பொருக்கு உண்டாகிறது. அதன் கீழுள்ள இழையத்தின் ஒரு பகுதியும் வரண்டு இறந்துவிடுகிறது. ஊர்ந்து வரும் கலங்கள் அந்த உலர்ந்த பகுதிக்குள் செல்ல முடியாமல், இன்னும் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடி, நொதியங்களால் வழி வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரம் காக்கப்பட்ட காயத்திலோ அவை மேற்பரப்பிலேயே நேராக நகர்கின்றன.

பொருக்கு என்பது இயற்கையின் அவசர மூடி. வேறு நல்ல மூடி இல்லாதபோது அது கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால் அதைவிட நல்ல மூடியை நாம் கொடுக்க முடிந்தால், உடலின் வேலை இலகுவாகிறது.

ஐதரோஜெல் என்றால் என்ன?

நோன்பு காலத்தில் நம் வீடுகளில் செய்யும் கடற்பாசியை நினைத்துப் பாருங்கள். உலர்ந்த பாசியை நீரில் கொதிக்க வைத்துக் கரைத்து, சீனியும் பாலும் நிறமும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால், ஆறியதும் துண்டு போடக்கூடியதாக உறைந்துவிடுகிறது. ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் அகார் சேர்த்தால் உறைந்து வரும் பொருளில் 99 சதவீதம் நீர்தான். ஆனாலும் அது ஓடுவதில்லை, கையில் எடுக்கலாம். 99 பங்கு நீரை ஒரு பங்கு பாசி எப்படிப் பிடித்து வைக்கிறது?

அகார் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பல்பகுதியம். சூடாக இருக்கும்போது சங்கிலிகள் தனித்தனியே மிதக்கின்றன. ஆறும்போது ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, வலை போன்ற அமைப்பாகின்றன. அந்த வலைக் கண்களுக்குள் நீர் சிறைப்படுகிறது. இப்படிப் பெருமளவு நீரைத் தன்னுள் வைத்துக்கொண்டு, தானும் நீரில் கரைந்துபோகாமல் இருக்கும் பல்பகுதிய வலையே ஐதரோஜெல் ஆகும். 'ஐதரோ' என்றால் நீர்.

அகாருக்கு இன்னொரு இயல்பும் உண்டு. அது 40 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். ஆனால் மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகை வேண்டும். விலங்குகளிலிருந்து பெறப்படும் ஜெலற்றீனோ உடல் வெப்பநிலைக்கு முன்னரே இளகிவிடும். கொழும்பின் வெயிலில் கடற்பாசித் துண்டு தட்டில் நிமிர்ந்து நிற்க, ஜெலி கரைந்து ஓடுவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண் என்பதை மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். 1881இல் ஜேர்மனியில் பன்னி ஹெஸ்ஸே என்பவரின் கணவர் பற்றீரியாக்களை ஜெலற்றீனில் வளர்க்க முயன்று, அது வெப்பத்தில் இளகிப்போவதால் தவித்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த ஓர் அயலவரிடமிருந்து அகாரைப் பற்றிக் கற்று, அதைத் தன் சமையலில் பயன்படுத்திவந்த பன்னி, அதையே பாவிக்கச் சொன்னார். அந்த யோசனை ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்துக்குச் சென்றது. இன்றும் உலகெங்கும் நுண்ணங்கிகள் அகாரில்தான் வளர்க்கப்படுகின்றன.

செயற்கை ஐதரோஜெல்லின் வரலாறு 1960இல் தொடங்குகிறது எனலாம். ப்ராக் நகரில் ஒட்டோ விக்டெர்லே, டிரஹொஸ்லாவ் லிம் ஆகிய இருவரும் உடலோடு இணங்கி இருக்கக்கூடிய நீர்மைப் பல்பகுதியத்தைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினர். மறு ஆண்டு இறுதியில் விக்டெர்லே தன் வீட்டில், பிள்ளைகள் விளையாடும் இணைப்புப் பொம்மைப் பெட்டியின் பாகங்களைக் கொண்டு இயந்திரம் அமைத்து, முதலாவது மென்மையான தொடு வில்லைகளை வார்த்தெடுத்தார். இன்று கண்ணில் அணியும் மென்வில்லை ஒவ்வொன்றும் ஒரு ஐதரோஜெல்தான்.

கதிரால் பின்னிய வலை

காயத்தின் மேல் வைக்கும் ஐதரோஜெல் தகடு எப்படிச் செய்யப்படுகிறது? 1980களில் போலந்தின் லொட்ஸ் நகரில் பேராசிரியர் யானுஷ் ரொசியாக் வகுத்த முறை மிக அழகானது. பொலிவைனைல் பிரோலிடோன், பொலிஎத்திலீன் கிளைக்கோல், அகார் ஆகிய மூன்றையும் நீரில் கரைக்கிறார்கள். கலவையில் 90 சதவீதத்துக்கும் மேல் நீர். சூடான கரைசலைத் தட்டையான அச்சில் ஊற்றி ஆறவிட்டால், அகாரின் உதவியால் அது கடற்பாசி போலவே உறைகிறது. உறையிலிட்டு முற்றாக மூடி ஒட்டியபின், பெட்டியோடு காமாக் கதிருக்கோ இலத்திரன் கற்றைக்கோ உட்படுத்துகிறார்கள்.

கதிர் அங்கே இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. அது நீர் மூலக்கூறுகளை உடைத்து, மிகுந்த தாக்கமுள்ள ஐதரொட்சில் மூலிகங்களை உண்டாக்குகிறது. இவை பல்பகுதியச் சங்கிலிகளிலிருந்து ஐதரசன் அணுக்களைப் பறிக்கின்றன. அணுவை இழந்த இடங்கள் ஒன்றோடொன்று இணைந்து நிரந்தரக் குறுக்குப் பிணைப்புகளாகின்றன. அதே கதிர் கிருமிகளின் டிஎன்ஏயையும் சிதைத்து, பொருளைக் கிருமியற்றதாக்குகிறது. வலையும் பின்னப்படுகிறது, சுத்தமும் செய்யப்படுகிறது. வேறு இரசாயன இணைப்பிகள் தேவையில்லை.

இதில் ஒரு சிறு கணக்கு. மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்க வழமையாகக் கொடுக்கும் அளவு 25 கிலோகிறே. ஒரு கிறே என்பது ஒரு கிலோகிராமுக்கு ஒரு யூல். ஆகவே ஒரு கிலோகிராம் ஜெல் பெறும் சக்தி 25,000 யூல். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 4,200 என்பதால், வெப்பநிலை உயர்வு 25,000 ÷ 4,200, அதாவது ஏறத்தாழ 6 பாகை மட்டுமே. கிருமிகள் அழிகின்றன, அகார் உருகுவதில்லை. கொதிக்க வைத்துக் கிருமி நீக்கியிருந்தால் தகடு உருக்குலைந்திருக்கும்.

கதிர் பட்ட பொருள் கதிர்த்தொழிற்பாடு உடையதாகிவிடாதா என்று சிலர் அஞ்சுவர். கோபாற்று-60 வெளியிடும் காமாக் கதிர்களின் சக்தி, சாதாரண அணுக்கருக்களைக் கதிர்த்தொழிற்பாடுடையவையாக மாற்றப் போதாது. வெளிச்சம் பட்ட சுவர் விளக்காகி விடுவதில்லை, அதுபோலத்தான் இதுவும்.

இந்தியாவில் மும்பாயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம் பொலிவைனைல் அற்ககோலை அடிப்படையாகக் கொண்டு இதே வழியில் ஐதரோஜெல் தகடுகளை உருவாக்கி, தயாரிக்கும் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கியது.

சென்னை தந்த பங்கு

ஐதரோஜெல்கள் எல்லாம் செயற்கையானவை அல்ல. நம் தோலிலேயே உள்ள கொலாஜனைக் கொண்டும் காய மூடிகள் செய்கிறார்கள். இதில் தமிழ் நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அது மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்புடையது என்று எடுத்துரைத்தனர். பெண்கள் மூன்று புரியாகக் கூந்தல் பின்னுவதை மனத்தில் கொண்டால் இந்த அமைப்பு ஓரளவு விளங்கும்.

அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது. தோல் பதனிடும் தொழிலுக்காக உருவான அந்நிறுவனம், மாட்டுத் தோலின் கொலாஜனைத் தூய்மையாக்கித் தீக்காயங்களுக்கான மெல்லிய தகடுகளாக்கும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டது. மீன் கொலாஜனையும் ஆராய்ந்தது. செருப்பாகும் தோலே நோயாளியின் தோலுக்குத் துணையாக வந்தது.

இங்கே நம் வாசகர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் இடம் உண்டு. கொலாஜனும் ஜெலற்றீனும் மாடு, மீன், பன்றி என எதிலிருந்தும் பெறப்படலாம். எனவே உறையில் மூலப்பொருள் எதுவென்று வாசிப்பதும், மருந்தாளரிடம் கேட்பதும் நம் உரிமை. மேலே சொன்ன போலந்து முறைத் தகட்டிலோ விலங்குப் பொருள் எதுவும் இல்லை. இரண்டு செயற்கைப் பல்பகுதியங்களும் கடற்பாசியுமே உள்ளன. மருத்துவத் தேவை பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டறியலாம்.

வாழையிலையும் அதே பாடமும்

விலையுயர்ந்த தகடு கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? மும்பாயின் சயன் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் மாதுரி கோரே தீக்காயங்களுக்கு வாழையிலையைப் பயன்படுத்தினார். இலைகளைத் துணியில் ஒட்டி, நீராவி அழுத்தக் கலனில் கிருமி நீக்கிக் கட்டுகளாக்கினார்கள். 2003இல் 'பேர்ன்ஸ்' என்ற மருத்துவ இதழில் இது பற்றிய ஆய்வு வெளிவந்தது. அங்கே முன்னர் பாவனையில் இருந்த உருளைக்கிழங்குத் தோல் கட்டோடு ஒப்பிட்டபோது, வாழையிலை பயனில் குறையவில்லை; செலவு பல மடங்கு குறைந்தது. இலையின் மெழுகுப் பரப்பு காயத்தில் ஒட்டாது, ஈரத்தைக் காக்கும், மாற்றும்போது வலி குறையும். சோற்றுப் பொதி கட்டும் இலையை வாட்டிக் காயத்தில் வைக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கிருமி நீக்கப்பட்டது என்பதே இதில் முக்கியம்.

எந்தக் காயத்துக்கு எது?

ஐதரோஜெல் சர்வரோக நிவாரணி அல்ல. வரண்ட காயத்துக்கு அது நீர் கொடுக்கும். இறந்த இழையத்தை இளக்கி அகற்ற உதவும். குளிர்ச்சி தந்து வலியைத் தணிக்கும். பிரிக்கும்போது புதிய தோலை உரித்துக்கொண்டு வராது. மெல்லிய தீக்காயங்களுக்கும் உராய்வுகளுக்கும் நல்லது. ஆனால் நிறைய நீர் கசியும் புண்ணில் வைத்தால் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துச் சிதையும். அதிக நேரம் உடுப்புத் தோய்த்த விரல்கள் ஊறிப்போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய புண்ணுக்குக் கபிலப் பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்று போன்ற உறிஞ்சும் கட்டுகள் பொருந்தும். கிருமித்தொற்றுள்ள புண்ணை மூடுவதற்கு முன் வைத்தியரின் முடிவு அவசியம்.

நம் நாட்டில் இது ஏன் பெரிய விடயம் என்றால், சலரோகத்தால்தான். 2005-2006 காலப்பகுதியில் இலங்கையில் நடந்த நாடளாவிய ஆய்வின்படி, வளர்ந்தோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலையையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர். நோயுள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. நீரிழிவு கால் நரம்புகளின் உணர்ச்சியைக் குறைக்கிறது; குருதிக் குழாய்களை ஒடுக்குகிறது. செருப்புக் கடித்த சிறு புண் வலிக்காமலே பெருக்கும். கவனியாமல் விட்டால் விரலை, சிலவேளை காலையே இழக்க நேரும். எந்த ஜெல்லும் குருதியோட்டத்துக்கோ சீனிக் கட்டுப்பாட்டுக்கோ ஈடாகாது. ஆகவே வாப்பாவுக்கோ உம்மம்மாவுக்கோ சலரோகம் இருந்தால், பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் நாளாந்தம் பார்ப்பது பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய உதவி. குனிந்து பார்க்க முடியாதவருக்குத் தன் பாதத்தின் அடி தெரிவதில்லை.

வீட்டில் நினைவிற் கொள்ள வேண்டியவை

சுடுநீரோ எண்ணெயோ பட்டால் உடனே 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் பிடியுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். பற்பசை, கோப்பித்தூள், தேங்காயெண்ணெய், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். அவை வெப்பத்தை உள்ளே தேக்கும், கிருமியைக் கொண்டுவரும், வைத்தியர் காயத்தைப் பார்க்கவும் தடையாகும். வீங்குமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். பின்னர் உணவு சுற்றும் சுத்தமான பொலித்தீன் படலத்தை இறுக்கிச் சுற்றாமல் மேலே வைத்து மூடி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முகம், கை, மூட்டுகளில் பட்டவை, உள்ளங்கையைவிடப் பெரியவை, சிறுபிள்ளைகளுக்கு ஏற்பட்டவை, மின்சாரத்தாலோ அமிலத்தாலோ வந்தவை ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் கூடாது.

சிறு உராய்வுக்கு, சுத்தமான நீரில் நன்றாகக் கழுவி, மெல்லியதாக வெள்ளை வசலின் தடவி, ஒட்டாத கட்டால் மூடி, நாளாந்தம் மாற்றினால் போதும். சிவப்பு பரவுதல், சூடு, சீழ், துர்நாற்றம், காய்ச்சல் தோன்றினால் தாமதிக்க வேண்டாம். ஏற்பு ஊசி போட்ட காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயம் வருமுன் காப்பது எல்லாவற்றிலும் மேலானது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குச் சரிந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்துச் சலித்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தட்டையான பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட, எளிதில் சரியாத குட்டை விளக்கை வடிவமைத்தார். மார்மைட் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியது. இதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

செய்து பார்க்க

ஒரே அளவான இரு அகார் துண்டுகளைப் பாடசாலை ஆய்வுகூடத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்த தட்டிலும், மற்றதைப் பொலித்தீனால் மூடிய தட்டிலும் வையுங்கள். 6, 12, 24 மணி நேரத்தில் மீண்டும் நிறுத்து, நீர் இழப்பைச் சதவீதமாக வரைபில் குறியுங்கள். திறந்த துண்டின் மேற்பரப்பு எப்போது தோல் போல் இறுகுகிறது என்பதையும் எழுதுங்கள். வின்டர் கண்டதன் ஒரு பாதியை உங்கள் மேசையிலேயே காண்பீர்கள்.

நம் கடலும் நம் கதிரும்

அகார் தரும் கிரசிலாரியா என்ற செம்பாசி வகைக்கு ஆங்கிலேயர் 'சிலோன் பாசி' என்றே பெயர் வைத்திருந்தனர். புத்தளம், கற்பிட்டிக் களப்புகளில் அது வளர்கிறது. கொட்டாஞ்சேனைக்கு அருகே ஒருகொடவத்தையில் இலங்கை அணுசக்திச் சபை இருக்கிறது. அதன் காமாக் கதிர் நிலையம் 2014 முதல் பியகமவில் இயங்குகிறது. மருத்துவப் பொருட்களைக் கதிரால் கிருமி நீக்குவது அதன் பணிகளில் ஒன்று. பாசியும் கதிரும் நம் நாட்டிலேயே உள்ளன.

உயர்தரத்தில் இரசாயனவியலும் உயிரியலும் படிக்கும் மாணவிகள் சிந்திக்க ஒரு கேள்வியோடு முடிக்கிறோம். புத்தளத்துப் பாசியிலிருந்து மருத்துவத் தரமான அகாரைப் பிரித்தெடுக்க என்னென்ன மாசுகளை நீக்க வேண்டும்? அவை நீங்கிவிட்டன என்பதை எந்தச் சோதனைகளால் உறுதி செய்வீர்கள்? விடைகளை எழுதி உங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம் கொடுங்கள்.